பழுதான பொருளால் காயம் ஏற்பட்டால்: சான்றைக் காப்பதும் இழப்பீடு கோருவதும்

சமையலறையில் குக்கர் வெடித்து ஒருவர் காயமடைந்தால், அதற்கடுத்த ஒரு வாரத்தில் குடும்பத்தார் செய்பவையும் செய்யத் தவறுபவையும்தான் பின்னால் வரும் வழக்கின் போக்கைப் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளால் விளையும் தீங்குக்கு உற்பத்தியாளரும் விற்பவரும் பொறுப்பேற்க வேண்டும் என்பதற்கென்றே தனி அத்தியாயம் ஒன்றை வைத்திருக்கிறது. இருந்தும் பல கோரிக்கைகள் தோற்பதற்குச் சட்டத்தின் குறை காரணமல்ல. வெடித்த பொருள் கையில் இல்லாமல் போவதே காரணம். ஆகவே இந்த வழிகாட்டி பொருளைக் காப்பதில் தொடங்குகிறது. குக்கரை எடுத்துக்காட்டாகக் கொண்டாலும், மிக்ஸி, கீசர், மின்விசிறி, ஸ்கூட்டர் பேட்டரி ஆகியவற்றுக்கும் இதே முறைதான்.

முதல் நாள்

முதலில் உயிர், அதன் பிறகே வழக்கு. வெந்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் ஏறத்தாழ இருபது நிமிடம் காட்ட வேண்டும். மை, பற்பசை, மஞ்சள் என எதையும் பூசாமல் 108-ஐ அழைக்க வேண்டும். மருத்துவமனையில் மருத்துவர் "எப்படி நடந்தது?" என்று கேட்டு எழுதும் அந்த ஒற்றை வரி பிற்பாடு மிகப் பெரிய சான்றாகிறது. "சமைக்கும்போது தீக்காயம்" என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், எண்ணெய் கொட்டியிருக்கலாம், சேலையில் தீப்பிடித்திருக்கலாம் என்று எதிர்தரப்பு வக்கீல் வாதிடுவார். எனவே நினைவோடு இருப்பவர் எவராயினும், குக்கர் வெடித்ததால் ஏற்பட்ட காயம் என்பதையும் நாளையும் நேரத்தையும் தெளிவாகச் சொல்லிப் பதியச் செய்ய வேண்டும். அரசு மருத்துவமனையில் இது விபத்துப் பதிவேட்டில் ஏறும். அதன் நகலைத்தான் பேச்சுவழக்கில் ஏ.ஆர். காப்பி என்கிறார்கள். தீக்காயம் பொதுவாகக் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்கப்படும் என்பதால், விசாரிக்க வரும் காவலரைக் கண்டு குடும்பத்தார் அஞ்சி ஒதுங்கத் தேவையில்லை. அவரிடம் எழுத்துமூலம் புகார் கொடுத்து, புகார் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைப் பெற்றுக்கொள்வது, நடந்த நிகழ்வுக்கு அரசுப் பதிவேட்டில் ஒரு தேதியைக் கொடுத்துவிடும்.

இதற்கிடையே வீட்டில் இருப்பவர்கள் ஒரு பழக்கத்தை அடக்கிக்கொள்ள வேண்டும். சமையலறையைத் துடைத்துக் கழுவி, நசுங்கிய குக்கரைக் கண்ணில் படாமல் எங்காவது போட்டுவிடத்தான் மனம் விரும்பும். அப்படிச் செய்யும் முன், சுவரில் தெறித்த சாதம், கூரையில் பட்ட அடையாளம், அடுப்பின் நிலை, மூடி விழுந்து கிடந்த இடம் ஆகிய எல்லாவற்றையும் கைப்பேசியில் படமும் காணொளியும் எடுக்க வேண்டும். அந்த மூலக் கோப்புகளை அழிக்காமல் அதே கைப்பேசியில் வைத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவைச் சான்றாகத் தாக்கல் செய்ய உரிய சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். மூலக் கருவி கையில் இருந்தால் அது எளிது.

பொருளைக் கைவிடாதீர்கள்

குக்கரின் உடல், மூடி, வெயிட், கேஸ்கட், பாதுகாப்பு வால்வு, உடைந்த கைப்பிடித் துண்டு என ஒவ்வொன்றையும் கழுவாமல் தனித்தனிப் பையில் போட்டு, தேதியெழுதி, பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும். கழுவாமல் என்பதற்குக் காரணம் உண்டு. நிறுவனம் முதலில் சொல்லப்போகும் பதில், ஆவி வெளியேறும் குழாயை நீங்கள் சுத்தம் செய்யவில்லை, அதில் பருப்பு அடைத்துக்கொண்டது என்பதாகவே இருக்கும். அடைப்பு இல்லை என்பதைக் காட்டக்கூடியது அந்தக் குழாய்தான். அதைத் தேய்த்துக் கழுவிவிட்டால் இரு தரப்புக்கும் சான்று போய்விடும். பாதுகாப்பு வால்வின் உள்ளே இருக்கும் உலோகம், வெப்பம் அளவுக்கு மீறினால் உருகி ஆவியை வெளியேற்றுவதற்காக வைக்கப்பட்டது. குக்கர் வெடித்தும் அது உருகாமலும் திறக்காமலும் முழுதாக நின்றிருந்தால், அது ஏன் வேலை செய்யவில்லை என்ற கேள்விக்கு நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும்.

செய்தி தெரிந்ததும் கடைக்காரரோ சர்வீஸ் சென்டர் ஊழியரோ வீடு தேடி வருவார். "கம்பெனிக்கு அனுப்பிச் சோதித்துப் பார்க்கிறோம், புதியது தருகிறோம்" என்பார். பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் சொல்வார். ஆனாலும் கொடுக்கக் கூடாது. அவர்கள் பார்க்க விரும்பினால், உங்கள் வீட்டில் உங்கள் முன்னிலையில் பார்க்கலாம், படம் எடுக்கலாம், எதையும் பிரிக்கக் கூடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, பொருளின் குறையை ஆய்வின்றி முடிவு செய்ய இயலாதபோது, வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பவும், 45 நாட்களுக்குள் அறிக்கை பெறவும் வழிசெய்கிறது. அதற்கான கட்டணத்தை முதலில் உங்களிடம் கேட்கலாம். நிறுவனத்தின் சொந்த ஆய்வறிக்கையைவிட ஆணையத்தின் வழியாக வரும் அறிக்கைக்குத் தனி மதிப்பு உண்டு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

புதிய குக்கருடன் ஒரு தாளும் வரும். "இது தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அதில் ஒரு வரி இருக்கும். மருத்துவச் செலவு எவ்வளவு என்றே தெரியாத நிலையில் அதில் கையெழுத்திடுவது, சில ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்காகச் சில லட்சத்தை விட்டுக்கொடுப்பதாகும்.

பில் இல்லையென்றால் வழக்கே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஊரில் குக்கர் பெரும்பாலும் சீர்வரிசையில் வருகிறது. பில் தாய்மாமன் வீட்டு மேசை டிராயரில் கிடக்கும், அல்லது கிடக்காது. சட்டத்தின்படி, வாங்கியவரின் ஒப்புதலோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே. ஆகவே வாங்கியவரைத் தேடி, கார்டு பரிவர்த்தனை விவரம், யு.பி.ஐ. பதிவு, கியாரண்டி கார்டில் கடை முத்திரை, குக்கரின் அடியில் பொறித்த தொடர் எண் ஆகியவற்றில் கிடைப்பதைத் திரட்டினால் போதும். இந்தப் பொறுப்புச் சட்டத்தின் மூத்த வழக்கு ஒன்றே இப்படித் தொடங்கியதுதான்: 1928-இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் தோழி வாங்கித் தந்த பானத்தைக் குடித்த பெண் ஒருவர், அந்தப் புட்டியில் அழுகிய நத்தை இருந்ததாகக் கூறி வழக்குத் தொடுத்தார், தாம் விலை கொடுத்து வாங்காதபோதும், தயாரிப்பாளர் தமக்குக் கவனக் கடமை கொண்டவரே என்று 1932-இல் பிரிட்டனின் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் அவை அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எனினும், உணவகத்துக்கோ மெஸ்ஸுக்கோ வணிக நோக்கில் வாங்கிய பொருள் என்றால் நுகர்வோர் ஆணையம் ஏற்காது. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக வாங்கியதற்கு மட்டும் விலக்கு உண்டு.

எது குறை, யார் பொறுப்பு

உற்பத்தியாளரைப் பொறுப்பாக்க 84-ஆம் பிரிவு ஐந்து வழிகளைத் தருகிறது: தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, தயாரிப்புக்கான விவரக்குறிப்பிலிருந்து விலகல், வெளிப்படையாக அளித்த உறுதிமொழிக்கு மாறாக இருத்தல், சரியான பயன்பாடு குறித்துப் போதிய அறிவுறுத்தலோ எச்சரிக்கையோ தராமை. புகார்தாரர் நிறுவ வேண்டியது குறையையும், அந்தக் குறையால் தீங்கு வந்தது என்பதையுமே. தொழிற்சாலையில் எந்த ஊழியர் எந்த நாளில் கவனம் தவறினார் என்பதையல்ல. அனுபவத்தில் பெரிதும் கவனிக்கப்படாமல் போவது ஐந்தாவது வழி. குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது, நுரைத்துப் பொங்கும் பருப்பு வகைக்கு அதைவிடக் குறைவு என்பது போன்ற எச்சரிக்கை, தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவருக்கு விற்கப்பட்ட பெட்டியில் புரியாத மொழிகளில் பொடி எழுத்தில் மட்டும் இருந்தால், அது "போதிய" அறிவுறுத்தலா என்று கேட்க இடமிருக்கிறது. கையேட்டையும் அட்டைப் பெட்டியையும் தூக்கி எறியக் கூடாது என்பது இதனால்தான்.

தன் வணிகப் பெயரை வேறொருவர் செய்த பொருளின் மேல் பொறித்து விற்பவரும் உற்பத்தியாளரே என்று சட்டம் வரையறுக்கிறது. எனவே, "நாங்கள் செய்யவில்லை, வேறொரு பட்டறை செய்து தந்தது" என்ற பதில் செல்லாது. விற்பனையாளரைப் பொறுப்பாக்க 86-ஆம் பிரிவு விதிக்கும் நிபந்தனைகள் சற்று இறுக்கமானவை. பொருளின் வடிவமைப்பிலோ பொதியிலோ அவருக்குக் கணிசமான கட்டுப்பாடு இருந்திருக்க வேண்டும், அல்லது அவர் பொருளை மாற்றியமைத்திருக்க வேண்டும், அல்லது தாமாகத் தனி உறுதிமொழி தந்திருக்க வேண்டும், அல்லது பொருத்துவதிலும் சோதிப்பதிலும் கவனம் தவறியிருக்க வேண்டும், அல்லது உற்பத்தியாளர் யார் என்றே தெரியாதிருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது முக்கியம். பெயரும் முகவரியும் இல்லாத மலிவுப் பொருளை விற்ற கடைக்காரர், உற்பத்தியாளரின் இடத்தில் தாமே நின்று பதில் சொல்ல நேரும். இறக்குமதியாளரும், பழுதுபார்த்துத் தந்தவரும்கூட விற்பனையாளர் என்ற வரையறைக்குள் வரக்கூடும். புகார் எழுதும்போது உற்பத்தியாளர், வணிகப் பெயருக்குரியவர், கடை, இணையச் சந்தை என அனைவரையும் எதிர்தரப்பினராகச் சேர்ப்பது நல்லது. ஒருவரை விட்டுவிட்டால், மற்றவர்கள் அங்கில்லாதவர் மேல் பழியைப் போட்டுவிடுவார்கள்.

குக்கருக்கு ஐ.எஸ். 2347 என்ற இந்தியத் தரநிலை உண்டு. 2021 பிப்ரவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இன்றி வீட்டு உபயோகக் குக்கரை விற்பதே குற்றம். முத்திரையின் கீழ் உள்ள உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டால், உரிமம் உண்மையானதா, நடப்பில் உள்ளதா என்று தெரிந்துவிடும். இல்லை என்று வந்தால் அந்தத் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வழக்கில் பாதி அங்கேயே நடந்து முடிந்துவிடும். 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இந்தத் தர ஆணைக்கு மாறான குக்கர்களை விற்க இடமளித்த பெரிய இணையச் சந்தைகளுக்குத் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, விற்றவற்றைத் திரும்பப் பெற்று வாடிக்கையாளருக்குப் பணம் தருமாறு உத்தரவிட்டது. அந்த உத்தரவுகளை எதிர்த்து நிறுவனங்கள் உயர் நீதிமன்றம் வரை சென்றன.

எதிர்தரப்பின் தற்காப்புகளையும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் அல்லது மாற்றியமைத்திருந்தால் விற்பனையாளர் மீது வழக்கு நிற்காது; எல்லோருக்கும் தெரிந்த வெளிப்படையான ஆபத்து குறித்து எச்சரிக்கவில்லை என்று உற்பத்தியாளரைக் குற்றம் சொல்ல முடியாது. தெருக்கோடிக் கடையில் வாங்கிப் போட்ட போலி கேஸ்கட் உங்கள் குக்கரில் இருந்தால் அதை மறைக்காதீர்கள். ஆய்வகத்தில் எப்படியும் வெளிப்படும். அதன் பிறகு நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளும் நம்பகத்தன்மையை இழக்கும். மறுபுறம், தொழில்நுட்ப நுணுக்கங்களைக் காட்டி நுகர்வோரை மிரட்டுவதை நீதிமன்றங்கள் எப்போதும் ஏற்பதில்லை. விபத்தில் ஏர்பேக் விரியாத காரைப் பற்றிய வழக்கில், மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்கிட நுகர்வோர் இயற்பியல் வல்லுநராக இருக்க வேண்டியதில்லை என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறி, இழப்பீட்டை உறுதிசெய்தது.

எவ்வளவு கேட்பது

தீங்கு என்பதற்குள் உடற்காயம், நோய், இறப்பு, அவற்றோடு வரும் மன வேதனை, மற்றப் பொருள்களுக்கு ஏற்பட்ட சேதம் ஆகியவை அடங்கும். பழுதான அந்தப் பொருளின் விலை இதில் அடங்காது. அதைத் திரும்பப் பெறும் கோரிக்கையைத் தனியாகச் சேர்த்து எழுத வேண்டும்.

மருத்துவமனை பில், மருந்துச் சீட்டு, ஆட்டோ செலவு, உடனிருந்து பார்த்துக்கொண்டவர் இழந்த கூலி ஆகியவற்றை ரசீதோடு எழுதுவது எளிது. எதிர்கால வருமான இழப்பைத்தான் பலர் கணக்கிடாமல் "ஐந்து லட்சம்" என்று ஒரு தொகையைப் போட்டுவிடுகிறார்கள். எங்கிருந்து வந்தது என்று விளக்க முடியாத தொகையை ஆணையம் குறைத்துவிடும். வாகன விபத்து வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 2009-இல் சீர்படுத்திய பெருக்கெண் முறையை இங்கே ஆதாரமாகக் காட்டலாம். ஆணையத்தை அது கட்டுப்படுத்தாது, ஆனால் நீங்கள் கேட்கும் தொகைக்குக் காரணம் சொல்லும். 34 வயதுள்ள, மாதம் 15,000 ரூபாய் ஈட்டும் ஒருவரின் உழைக்கும் திறன் 20 சதவீதம் குறைந்ததாக மருத்துவச் சான்று இருந்தால், ஆண்டு வருமானம் 1,80,000-இல் 20 சதவீதமான 36,000-ஐ அந்த வயதுக்குரிய பெருக்கெண் 16-ஆல் பெருக்கினால் 5,76,000 ரூபாய் வரும். கணக்கில் வர வேண்டியது உடலின் ஊனம் எத்தனை சதவீதம் என்பது மட்டுமல்ல, அது அவருடைய வேலையை எவ்வளவு பாதிக்கிறது என்பதே. விரல்கள் மடங்காத தையற்காரருக்கும் அதே காயம் பட்ட காவலாளிக்கும் இழப்பு ஒன்றல்ல.

காயம்பட்டவர் இல்லத்தரசி என்றால் வருமான இழப்பே இல்லை என்று சொல்பவரை நம்ப வேண்டாம். 1989 மார்ச்சில் ஜாம்ஷெட்பூரில் நிறுவனர் தின விழாப் பந்தல் தீப்பிடித்துப் பலர் இறந்த வழக்கில், வீட்டில் பெண்கள் ஆற்றும் பணிக்கு மாதம் 3,000 ரூபாய் மதிப்பு வைத்து 2001-இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு கணக்கிட்டது. இன்றைய விலைவாசிக்கேற்ப அந்தத் தொகையை உயர்த்திக் கேட்பது நியாயமே.

எங்கே, எப்போது

காலவரம்பு இரண்டு ஆண்டுகள். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம் என்றாலும் அதை நம்பி இருக்க வேண்டாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்வதும், நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருப்பதும் பயனுள்ளவையே. ஆனால் அவை அந்த இரண்டு ஆண்டு ஓட்டத்தை நிறுத்துவதில்லை.

எந்த ஆணையம் என்பதை முடிவு செய்வது நீங்கள் கேட்கும் இழப்பீடு அல்ல, பொருளுக்குக் கொடுத்த விலை. 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதையும் தாண்டினால் தேசிய ஆணையம். கார் தீப்பிடித்துக் கணவரை இழந்த ஒருவர் பல கோடி ரூபாய் கேட்டுத் தொடுத்த வழக்கில் இந்த விதி எதிர்க்கப்பட்டது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றே கூறிவிட்டது. இரண்டாயிரம் ரூபாய்க் குக்கருக்கு இதில் ஒரு நன்மை உண்டு. விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணமே இல்லை. இழப்பீடாக எத்தனை லட்சம் கேட்டாலும் உங்கள் சொந்த மாவட்டத்திலேயே கேட்கலாம். நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரில் புகார் கொடுக்க 34-ஆம் பிரிவு இடம் தருகிறது.

புகாருக்கு முன் ஒரு நோட்டீஸ் அனுப்புவது கட்டாயமல்ல என்றாலும் பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையை வைத்துக்கொள்வது நல்ல வழக்கம். நிறுவனம் எழுதும் பதிலிலேயே அதன் தற்காப்பு என்னவென்று தெரிந்துவிடும். பிறகு புகார் மனு, பிரமாண வாக்குமூலம், ஆவணப் பட்டியல் ஆகியவற்றை நேரிலோ இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவோ தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை. ஆனாலும் ஆய்வக அறிக்கையின் மீது குறுக்கு விசாரணை வரக்கூடிய வழக்கில் வக்கீல் இருப்பதே மேல். பெண்கள், பட்டியலினத்தவர் உள்ளிட்டோர் வருமானம் எதுவாயினும் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக இலவச உதவி பெறலாம், எண் 15100. எதிர்தரப்பு 30 நாட்களில், கூடுதலாக 15 நாட்கள் கேட்டுப் பெற்றால் 45 நாட்களில் பதில் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு மேல் நீட்டிக்க ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020-இல் தெளிவாக்கியது. ஆய்வு தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட நீளும்.

பொருளல்ல, இடமே ஆபத்தானால்

சமையல் எரிவாயு விபத்து தனி வகை. கசிவென்றால் 1906. விபத்து நடந்ததும் விநியோகஸ்தருக்கு உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்துள்ள பொதுப் பொறுப்புக் காப்பீடு அந்தத் தகவலின் மேல்தான் நகரும். சிலிண்டரின் மேல்வளையத்தில் பி-26 போல எழுதியிருப்பது அடுத்த சோதனைக்கான காலாண்டும் ஆண்டும் ஆகும். காலம் கடந்த சிலிண்டர் தரப்பட்டிருந்தால் அந்த எழுத்தைப் படமெடுப்பது முதல் வேலை.

கட்டணம் செலுத்தி நுழைந்த இடத்தில், அதாவது திரையரங்கு, நீச்சல் குளம், திருமண மண்டபம், மருத்துவமனை லிஃப்ட் போன்றவற்றில் காயம் ஏற்பட்டால், சேவைக் குறைபாடு என்று அதே நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். 1997 ஜூன் 13 அன்று 59 பேர் இறந்த டெல்லி உப்ஹார் திரையரங்கத் தீயில், வெளியேறும் வழி அடைபட்டிருந்தது உரிமையாளரின் பொறுப்புக்கு முக்கியக் காரணமாயிற்று. இத்தகைய வழக்கில் பொருளின் இடத்தைக் கண்காணிப்புக் கேமராப் பதிவு பிடித்துக்கொள்கிறது. பல இடங்களில் பழைய பதிவின் மேல் சில வாரங்களில் புதியது ஏறிவிடும் என்பதால், குறிப்பிட்ட நாள், நேரப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி அன்றே எழுத்தில் கேட்டு, கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்ட கையெழுத்தை வாங்க வேண்டும்.

அறுந்து தொங்கிய மின்கம்பியால் ஏற்படும் விபத்தில் மின்வாரியம் தன் கவனக்குறைவு இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. ஆபத்தான பொருளைக் கையாள்பவர் கண்டிப்பான பொறுப்புடையவர் என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. மின் ஆய்வாளரின் விசாரணை அறிக்கையைக் கேட்டுப் பெற்று, உரிமையியல் நீதிமன்றத்தையோ உயர் நீதிமன்றத்தையோ அணுகலாம். வேலை செய்யும் இடத்தில் இயந்திரத்தால் வரும் காயத்துக்கு ஈ.எஸ்.ஐ. அல்லது தொழிலாளர் இழப்பீடு என்ற பாதை இருக்கிறது. அதை இந்த வழிகாட்டியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தீர்ப்பு வந்தபின் நிறுவனம் மேல்முறையீடு செய்ய விரும்பினால் 45 நாட்களுக்குள், உத்தரவிட்ட தொகையில் பாதியைச் செலுத்திய பிறகே செய்ய முடியும். மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராமல் இருந்தால், 71-ஆம் பிரிவின்படி நிறைவேற்று மனுவும், 72-ஆம் பிரிவின்படி தண்டனை கோரும் மனுவும் தாக்கல் செய்யலாம். பின்னதில் ஒரு மாதத்துக்குக் குறையாத சிறைத் தண்டனைக்கோ 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதத்துக்கோ இடமுண்டு என்பதால், அந்த மனுவுக்கு அறிவிப்பு போன பிறகு பல நிறுவனங்கள் வரைவோலையோடு வந்து நிற்கின்றன.